பாக்டீரியா உண்மையிலேயே நீந்துகிறதா, சும்மா ஆடிக்கொண்டிருக்கிறதா?

நீந்துகிறது. "மூளையே இல்லாத ஒன்று உணவு இருக்கும் பக்கம் தேடிப் போகிறது என்பதை எப்படி நம்புவது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பில் சொன்னதை நம்பவும் முடியாமல், எழுந்து கேட்கவும் முடியாமல் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதே சந்தேகத்தை என்னிடம் கிளப்பிய ஒருவர், பதிலைக் காதில் வாங்காமலேயே மதிப்பெண்ணில் கைவைத்துவிட்டுப் போனார். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதுகலையில் என் ப்ராஜெக்ட், நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் நகர்வு பற்றியது. வைவாவுக்கு வந்த தேர்வாளர் அறிக்கையின் முதல் சில பக்கங்களைப் புரட்டினார். "நீ பார்த்தது பிரௌனியன் இயக்கம்மா. தண்ணீர் மூலக்கூறு இடிக்குது, அது ஆடுது. அவ்வளவுதான்" என்றார். அது எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமலா ஒருத்தி மாதக்கணக்கில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பாள்?

ஃபார்மலின் போட்டுக் கொன்ற செல்களையும் இன்னொரு ஸ்லைடில் வைத்து ஒப்பிட்டுத்தான் பார்த்தேன். செத்தவை இருந்த இடத்திலேயே நடுங்கும். மொத்தக் கூட்டமும் ஒரே பக்கமாக நகர்ந்தால் அது ஸ்லைடில் ஓடும் நீரோட்டம். உயிருள்ளவை அப்படி இல்லை. ஒன்று இடப்பக்கம் பாயும்போதே இன்னொன்று அதைக் கடந்து வலப்பக்கம் போகும். ஏதாவது ஒரு செல்லை மட்டும் கண்ணால் தொடருங்கள். சுமார் ஒரு நொடி ஓரளவு நேராக ஓடும், சட்டென்று ஒரு குட்டிக்கரணம், அப்புறம் வேறு திசையில் ஓட்டம். 2 மைக்ரான் நீளமுள்ள உடம்பு நொடிக்கு 20, 30 மைக்ரான் போகிறது.

கவர்ஸ்லிப்புக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. கொஞ்ச நேரத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய, குமிழியிலிருந்து தள்ளி இருப்பவை சோர்ந்துவிடும். குமிழியின் விளிம்பை ஒட்டி மட்டும் மொய்க்க ஆரம்பிக்கும். வெறும் ஆட்டத்துக்குக் குமிழி எந்தப் பக்கம் என்று தெரியுமா? அந்தப் படம் என் அறிக்கையிலேயே இருந்தது. அவர் அந்தப் பக்கம் வரை வரவில்லை.

சரி, மூளை இல்லாமல் திசை எப்படித் தெரிகிறது? ஈ. கோலைக்குத் திசை தெரியாது. 'சற்று முன் இருந்ததைவிட இப்போது பரவாயில்லையா?' என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பரவாயில்லை என்றால் குட்டிக்கரணத்தைத் தள்ளிப்போட்டு அதே போக்கில் ஓடும். இல்லையென்றால் வழக்கம்போல் புரண்டு வேறு பக்கம் முயலும். இதை 1972இல் மாக்னாப், கோஷ்லாண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அழகாகக் காட்டினார்கள். ஈ. கோலையின் சொந்தமான சால்மொனெல்லா இருந்த திரவத்தில் அதற்குப் பிடித்த செரின் என்ற அமினோ அமிலத்தைச் சட்டென்று எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கலந்துவிட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரே செறிவுதான். ஆனாலும் உணவை நெருங்கிவிட்டது போல அவை கொஞ்ச நேரம் புரளாமல் ஓடின. அப்படியென்றால் அவை ஒப்பிட்டது இடத்தோடு இடத்தை அல்ல, முந்தைய நொடிகளோடு இந்த நொடியை.

அந்தச் சின்ன ஞாபகம் இருப்பது, வெளியில் உள்ள பொருளை உணரும் ஏற்பிகள் என்ற புரதங்களில். பிடித்த பொருள் ஒட்டியதும், CheA என்ற புரதத்தின் வேலை மந்தமாகும். அதனால் CheY என்ற இன்னொரு புரதத்துக்குப் பாஸ்பேட் கிடைப்பது குறையும். பாஸ்பேட் ஏறிய CheY போய் ஒட்டினால்தான், கசையிழை என்ற வால் போன்ற இழையைச் சுழற்றும் மோட்டார் வலஞ்சுழியாகத் திரும்பி செல் புரளும். அது குறைவதால் ஓட்டம் நீள்கிறது. இதற்கிடையே ஏற்பிகளில் மீத்தைல் தொகுதிகள் மெதுவாக ஏறி, புதிய செறிவையே சாதாரண நிலையாக்கிவிடும். பழகிப்போகிறது, மறுபடி வழக்கம்போல் புரள்கிறது. மோட்டார் என்று சும்மா சொல்லவில்லை. புரோட்டான்கள் உள்ளே பாயும் விசையில் நொடிக்கு 100 தடவைக்கு மேல் சுழல்கிற நிஜ மோட்டார். 1974இல் சில்வர்மன், சைமன் என்ற ஆய்வாளர்கள் கசையிழையைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்கள். இழை சுழல முடியாததால் உடம்பே சுற்றியது.

'எல்லா பாக்டீரியாவும் இப்படியா?' என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஸ்டாஃபிலோகாக்கஸுக்குக் கசையிழையே கிடையாது. சில இனங்கள் மெல்லிய இழையை வீசிப் பற்றி உடம்பை இழுத்துக்கொண்டு பரப்பில் நகரும். நான் எழுதியது ஈ. கோலையையும் அதன் நெருங்கிய சொந்தங்களையும் பற்றி. 'ஞாபகம்', 'பிடித்த' என்பதையெல்லாம் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். பாக்டீரியா யோசிக்கிறது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

உங்கள் கல்லூரியில் மைக்ரோஸ்கோப் இருந்தால் நீங்களே பார்க்கலாம். சில மணி நேரம் வளர்ந்த இளம் கல்ச்சராக எடுங்கள், ராத்திரி முழுக்க ஊறியது வேண்டாம். ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்டென்சர் ஐரிஸைப் பாதிக்கு மேல் மூடுங்கள். வெளிச்சம் அதிகமானால் செல்கள் கண்ணுக்கே படாது. 40எக்ஸ் லென்ஸ் போதும். அதுவும், உங்களுக்கு முன்னால் வந்த புண்ணியவான் அதில் எண்ணெயைத் தடவிவைக்காமல் இருந்தால். எண்ணெய் 100எக்ஸ் லென்ஸுக்கு மட்டும்தான் என்று சுவரில் எழுதி ஒட்டினாலும், ஸ்லைடில் எண்ணெய் இருக்கும்போதே 40எக்ஸைத் திருப்பிவிட்டுத் துடைக்காமல் போகிறவர்கள் எல்லா லேபிலும் இருக்கிறார்கள். என் ப்ராஜெக்டில் பாக்டீரியாவைவிட அதிக நேரம் எடுத்தது அந்த லென்ஸ்தான்.