நார்வே மொழி, லிதுவேனிய மொழி: ஒன்று தெரிந்தால் மற்றது எளிதா? தமிழருக்கு எது கடினம்?

எளிதாகாது. இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்பதோடு உறவு முடிந்துவிடுகிறது. நார்வே மொழி ஜெர்மானியக் கிளை. டேனிஷ், ஸ்வீடிஷ் மொழிகளின் உடன்பிறப்பு. லிதுவேனியன் பால்டிக் கிளை. அந்தக் கிளையில் இன்று உயிரோடு மிஞ்சியவை அதுவும் லாட்வியனும்தான். இரவுக்கு அங்கே 'நத்', இங்கே 'நக்திஸ்'. சால்மன் மீனுக்கு 'லக்ஸ்', 'லஷிஷா'. இப்படிச் சில பழஞ்சொற்கள் ஒத்துப்போகும். அதை வைத்து ஒரு வாக்கியத்தைக்கூட ஊகிக்க முடியாது.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுவோருக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறது: நார்வே மொழிக்கு 24 வாரம், லிதுவேனியனுக்கு 44 வாரம். தமிழும் அந்த 44 வாரக் கூட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கணிப்பு இது: நார்வே மொழி படிக்கும்போது சுலபம், காதில் விழும்போது கஷ்டம். லிதுவேனியனின் கஷ்டமெல்லாம் சொல்லின் வாலில்.

நார்வே மொழியில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. நான், நீ, அவன், நாங்கள் எல்லோருக்கும் 'ஸ்நாக்கெர்' (பேசு) ஒன்றே. பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு கிடையாது. 'அந்தக் கார்' என்று சுட்ட 'பீல்' என்பதன் பின்னால் 'என்' ஒட்டி 'பீலென்' என்றால் போதும். சொல்லோடு அதன் பாலையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். பால் மூன்று, பிறகு ஊகிக்க வழியில்லை.

நம்மவர் தவறுவது சொல் வரிசையில். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் உட்கார வேண்டும். 'இன்று' என்று தொடங்கினால் எழுவாய் வினைக்குப் பின்னே போகும்: 'இ டாக் ஸ்பீசெர் யாய் ஃபிஸ்க்', அதாவது 'இன்று சாப்பிடுகிறேன் நான் மீன்'. 'இ டாக் யாய் ஸ்பீசெர்' என்றால் புரியும், ஆனால் தப்பு. 'ஏனென்றால்' என்று தொடங்கும் துணை வாக்கியத்திலோ 'இல்லை'க்கான 'இக்கே' வினைக்கு முன்னே தாவிவிடும்.

அடுத்தது காது. எழுதுவதெல்லாம் வாயில் வராது: 'ஹூசெட்' என்று எழுதி 'ஹூசெ' என்பார்கள், ஆஸ்லோவில் 'நொர்ஸ்க்' என்பது 'நொஷ்க்' ஆகும். அதைவிடப் பெரிய சிக்கல், பேச்சுக்கென்று அதிகாரபூர்வமான தரவழக்கு இல்லாதது. தொலைக்காட்சியிலும் அவரவர் வட்டார வழக்கிலேயே பேசுவார்கள். பாடப்புத்தகத்து 'யாய்' (நான்) பெர்கனில் 'ஏக்', ட்ரோண்ட்ஹெய்மில் வெறும் 'ஆ'. எழுத்திலும் பூக்மோல், நீநோஷ்க் என இரண்டு வடிவங்கள். வேறு கட்டாயம் இல்லையென்றால் பூக்மோல் எடுங்கள். டேனிஷ் வாசிப்பு கிட்டத்தட்ட இலவசமாக வந்துசேரும். முதல் மாதத்திலிருந்தே பல வட்டார வானொலி கேளுங்கள். ஆஸ்லோ ஒலிப்பதிவு மட்டும் கேட்டுப் படித்தவர்கள் வேலைக்குப் போன இடத்தில் விழிப்பார்கள்.

லிதுவேனியனில் ஏழு வேற்றுமைகள். எட்டு வேற்றுமை படித்த நமக்கு இந்த எண்ணிக்கை பயமில்லை. கவுனாஸ் நகரத்தைப் பாருங்கள்: கவுனாஸில் என்றால் 'கவுனே', கவுனாஸிலிருந்து 'இஷ் கவுனோ', கவுனாஸுக்கு 'இ கவுனா'. கருத்து நமக்குப் பழகியதே. ஆனால் தமிழில் 'வீடுகளுக்கு' என்பதை வீடு, கள், உக்கு என்று பிரித்துவிடலாம். லிதுவேனியனில் 'நமம்ஸ்' (வீடுகளுக்கு) என்னும் சொல்லின் வாலிலே பன்மையும் வேற்றுமையும் ஒன்றாக உருகிக் கிடக்கும், பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு 'பெரிய' என்ற அடையும் கூடவே மாறும். அதனால் முழு அட்டவணையையும் உருப்போடாதீர்கள். எங்கே, எங்கிருந்து, எங்கே போக என்ற மூன்று கேள்விகளுக்கு ஊர்ப்பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகினால் மூன்று வேற்றுமைகள் தானே படியும். வினைக்கு மூன்று வடிவங்களைச் சேர்த்தே எழுதிவையுங்கள்: 'துவோதி, துவோத, தவே' (கொடுக்க, கொடுக்கிறான், கொடுத்தான்).

எதிர்மறையில் கவனம். 'புத்தகம் வைத்திருக்கிறேன்' என்பது 'துரியு க்னீகா'. இல்லை என்றால் 'நெதுரியு க்னீகோஸ்', செயப்படுபொருள் ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும். கடையில் விலை கேட்டாலும் இதே கூத்து: ஒரு 'எவுரஸ்', ஐந்து 'எவுரய்', பத்து 'எவுரூ', இருபத்தொன்று என்றால் மறுபடி 'எவுரஸ்'.

'லிதுவேனியன்தான் சமஸ்கிருதம்' என்று வாட்ஸாப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். தூமஸ் (புகை), உக்னிஸ் (நெருப்பு), சூனுஸ் (மகன்) ஆகியவை தூமம், அக்னி, சூனு என்பவற்றின் உறவினரே. அந்த உறவு மிகப் பழையது. இரண்டும் ஒரே மொழியாகிவிடாது.

இரண்டு மொழியிலும் தமிழருக்குச் சலுகையாகக் கிடைப்பது 'தன்'. 'அவன் தன் காரைக் கழுவினான்', 'அவன் அவனுடைய (வேறொருவனுடைய) காரைக் கழுவினான்' என்ற வேறுபாடு நார்வேயில் 'சின்', 'ஹன்ஸ்'. லிதுவேனியனில் 'சவோ', 'யோ'. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். ஒன்று மட்டும்: 'சவோ' எல்லா இடத்துக்கும் வரும், 'என் அம்மாவை நேசிக்கிறேன்' என்றாலும் 'சவோ'தான். 'சின்' நம் 'தன்' போலப் படர்க்கையோடு நின்றுவிடும்.

லிதுவேனியனில் விளி வேற்றுமையும் உண்டு. யோனஸ் என்பவரைக் கூப்பிட்டால் 'யோனய்!' ராமன், 'ராமா!' ஆவது போலத்தான்.