மேரிக்கு இரண்டாவது மகன் உண்டா?

அன்புள்ள ஐயா,

நான் கிளாஸ்கோவில் வசிக்கிறேன். என் மனைவி இந்த ஊர்க்காரர், பிறந்த வீட்டுப் பெயர் ஸ்டூவர்ட். தங்கள் குடும்பம் ஸ்காட்லாந்து அரசி மேரியின் வழிவந்தது என்று மாமனார் சொல்வார். இணையத்தில் யாரோ ஏற்றியிருக்கும் வம்சாவளியிலும் அப்படித்தான் இருக்கிறது: மேரி, அவருடைய இரண்டாவது மகன் ராபர்ட், பிறகு வரிசையாக எங்கள் வீடு வரை. நம்பலாமா? எப்படிச் சரிபார்ப்பது? டி.என்.ஏ. சோதனை உதவுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வம்சாவளி மேரியிடமே உடைந்துவிடுகிறது. அவருக்கு இரண்டாவது மகன் கிடையாது. 1542 டிசம்பர் 8 அன்று லின்லித்கோவில் பிறந்து ஆறாம் நாளே அரசியான மேரிக்கு மூன்று திருமணங்கள். பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிரான்சுவா மூலம் குழந்தை இல்லை. இரண்டாம் கணவர் டார்ன்லி மூலம் ஒரே மகன் ஜேம்ஸ், 1566 ஜூன் 19 அன்று எடின்பரோ கோட்டையில் பிறந்தவர். மூன்றாவதாகப் பாத்வெல்லை மணந்தபின் 1567 ஜூலையில், லாக்லீவன் தீவுக்கோட்டைச் சிறையில், இரட்டைக் கரு கலைந்தது. உதிரப்போக்கால் எழக்கூட முடியாத நிலையில் இருந்தவரிடம்தான் 24ஆம் தேதி முடிதுறக்கக் கையெழுத்து வாங்கினார்கள்.

ஜேம்ஸின் பிள்ளைகளில் சந்ததி விட்டுச் சென்றவர்கள் எலிசபெத், முதலாம் சார்லஸ் இருவர் மட்டுமே. மேரியின் வழி என்று யார் சொன்னாலும் இந்த இருவரில் ஒருவர் நடுவே வந்தாக வேண்டும். அரச குடும்பம் அல்லாத பிரிட்டிஷ் வீடுகளுக்கு அந்த வழி பெரும்பாலும் முதலாம் சார்லஸின் மகன் இரண்டாம் சார்லஸின் மணஉறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் மூலம் வருகிறது. அவர்கள் குடும்பப் பெயர்கள் ஸ்காட், லெனாக்ஸ், ஃபிட்ஸ்ராய், போக்ளெர்க். முறைப்படியான ஆண்வழி 1807இல் கார்டினல் ஹென்றியோடு முடிந்துவிட்டது. ஆகவே ஸ்டூவர்ட் என்ற பெயர் தந்தைவழியில் வந்திருப்பது இந்தக் கதைக்குத் துணை நிற்காது.

அந்த ராபர்ட் யார்? என் ஊகம், தந்தை ஒருவராகவும் தாய் வேறாகவும் உள்ள மேரியின் சகோதரர், 1581இல் ஆர்க்னி பிரபுவான ராபர்ட் ஸ்டூவர்ட். மேரியின் தந்தை ஐந்தாம் ஜேம்ஸுக்கும் யூஃபிமியா எல்ஃபின்ஸ்டனுக்கும் பிறந்தவர். சகோதரரை மகனாக்கிவிடும் பிழை இணைய வம்சாவளிகளில் சாதாரணம். ராபர்ட் வரை உங்கள் வழி உண்மையானால் உங்களுக்கும் ஓர் அரசி உண்டு: ஐந்தாம் ஜேம்ஸின் தாய் மார்கரெட் டியூடர். இன்னொருவரையும் மறக்காதீர்கள். ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1437இல் பெர்த்தில் கொல்லப்பட்டபின் அவர் மனைவி ஜோன் போஃபர்ட், லோர்னின் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை மறுமணம் செய்து மூன்று மகன்களைப் பெற்றார். மன்னரின் மகனாக இல்லாமலே அரசியின் மகன்களான ஸ்டூவர்ட்கள் இவர்கள். அரசிகளின் மறுமணங்களைப் பார்க்காமல் விடுவதால் எத்தனையோ உண்மையான வழிகள் கண்ணில் படாமல் போகின்றன.

சரிபார்க்க, மேரியை விட்டுவிட்டு மாமனாரின் திருமணப் பதிவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அரசின் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் அட்டவணையைத் தேடுவது இலவசம், பதிவின் படத்தைப் பார்க்கத்தான் கட்டணம். பிறப்பு 100, திருமணம் 75, இறப்பு 50 ஆண்டுகள் கடந்தால்தான் படம் இணையத்தில் திறக்கும். 1855 ஜனவரி 1 முதல் பதிவு கட்டாயம். ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயரும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும், இது பெரிய வரம். 1858இல் 75 வயதில் இறந்தவரின் ஒரே தாள் உங்களை 1780கள் வரை கொண்டுபோகும். ஆனால் தகவல் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். மருமகன் சொன்ன மாமியார் பெயரைவிட மகள் சொன்ன பெயருக்கு மதிப்பு அதிகம்.

1855க்கு முன் பாரிஷ், அதாவது ஊர்ச் சர்ச் வட்டாரத்தின், பதிவேடுகள்தான். இங்கேதான் நூல் அறுந்துபோகும். 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதித்தார்கள், பல ஏழைகள் பதியாமலே விட்டார்கள். 1843இல் ஸ்காட்லாந்து சர்ச் பிளந்தபின், பிரிந்துபோன ஃப்ரீ சர்ச் குடும்பங்களின் ஞானஸ்நானங்கள் இந்தப் பதிவேடுகளில் கிடைக்காது. 1841 சென்சஸில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள்: 39 என்பது 35 ஆகியிருக்கும். எல்லாவற்றிலும் மோசமான பிழை, பெயர் ஒத்துப்போன ஞானஸ்நானத்தைப் பிடித்துக்கொள்வது. குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. உங்கள் ஜேம்ஸ் இரண்டு வயதில் இறந்த ஜேம்ஸ் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் மேலே ஏறாதீர்கள்.

குத்தகை விவசாயிகளின் வழி பெரும்பாலும் 1700களிலேயே நின்றுவிடும். நிலம் உள்ள குடும்பமாகத் தெரிந்தால் மட்டும் 1617 முதல் உள்ள சசீன் எனும் நிலப் பதிவேடுகளுக்கும், 1513 முதல் உள்ள உயில் ஆவணங்களுக்கும் போங்கள். அங்கே ஆள் பெயரைவிடப் பண்ணையின் பெயர்தான் ஆளை அடையாளம் காட்டும்.

டி.என்.ஏ. சோதனை நான்கைந்து தலைமுறை உறவினர்களை உறுதி செய்யும். மேரி வரை எட்டாது. தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பெண் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். மேரிக்கு மகள் இல்லை, எனவே அவருடையது ஜேம்ஸோடு நின்றது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமும் உதவாது, ஜேம்ஸுடையது டார்ன்லியிடமிருந்து வந்தது.

மாமனாரிடம் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அவருடைய தாத்தா பாட்டி எந்தப் பாரிஷ், எந்தச் சர்ச், அந்தப் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன.