சீனாவின் செங்டு நகரில் ஒரே ஒரு தாவோ கோயிலைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது, எங்கே போகலாம்?

தயங்காமல் சிங்யாங் கோங் (சிங்யாங் என்றால் பச்சை ஆடு) கோயிலுக்குப் போங்கள். நகரின் மேற்கே, முதல் சுற்றுச்சாலையை ஒட்டி இருக்கிறது. ஐந்தாம் எண் மெட்ரோ தடத்தில் கோயிலின் பெயரிலேயே நிலையம் உண்டு.

ஹான்கு கணவாயின் காவலதிகாரியான யின் ஷியிடம் தாவோ நெறியின் மூலநூலான தாவோ தே ஜிங்கை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்ட அந்நெறியின் ஆதிகுரு லாவோட்சு, ஆயிரம் நாள் சாதனைக்குப் பிறகு செங்டுவின் பச்சை ஆட்டுச் சந்தைக்கு வந்து தம்மைத் தேடும்படி சொல்லிச் சென்றாராம். அந்தச் சந்தை இருந்த இடம் இதுவே என்பது நம்பிக்கை. லாவோட்சுவின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்ட தாங் அரச குலத்தில் வந்த ஷிட்சோங் பேரரசர், ஹுவாங் சாவின் கிளர்ச்சியால் தலைநகரை விட்டு இங்கே தஞ்சம் புகுந்த காலத்தில்தான், 883இல், கோயில் இன்றைய பெயரைப் பெற்றது. ஆனால் இப்போது நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் சிங் அரச மரபின் (1644–1912) காலத்தவை.

மூவுயர் தெய்வங்களின் மண்டபத்துக்கு முன்னால் இரண்டு வெண்கல ஆடுகள் இருக்கின்றன. இரட்டைக் கொம்பு ஆடு 1829இல் செய்யப்பட்டது. ஒற்றைக் கொம்பு ஆட்டை 1723இல் ஜாங் பெங்ஹே என்ற உயரதிகாரி பெய்ஜிங்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அதன் அருகில்தான் நிதானமாக நிற்க வேண்டும். எலியின் காது, எருதின் மூக்கு, புலியின் நகம், முயலின் முதுகு, டிராகனின் கொம்பு, பாம்பின் வால், குரங்கின் கழுத்து என்று சீன ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகளும் அந்த ஓர் உடலுக்குள் அடங்கியிருக்கின்றன. தாடி மட்டுமே ஆட்டுக்குச் சொந்தம். தமக்கு நோயுள்ள உறுப்பு எதுவோ அதையே ஆட்டின் உடலிலும் தொட்டால் குணமாகும் என்று நம்பிப் பலரும் தடவித் தடவி, வெண்கலம் பொன்போல் மின்னுகிறது.

பலர் ஆட்டைத் தொட்டுப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். எண்கோண மண்டபத்தின் கல் தூண்களைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் டிராகன்களைப் பார்க்காமல் வராதீர்கள். மண்டபத்தில் மொத்தம் 81 டிராகன்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். தாவோ தே ஜிங்கின் அத்தியாயங்களும் 81தான். உள்ளே லாவோட்சு எருதின்மேல் அமர்ந்திருக்கிறார்.

துறவிகள் வாழ்ந்து வழிபாடு நடத்தும் கோயில் இது. ஆகவே வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்லுங்கள். சன்னதிக்குள் படமெடுக்க வேண்டாம். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஊதுவத்தியோடு வரும் பக்தர்களின் கூட்டம் மிகும். வழிபாட்டைக் காண விரும்பினால் அந்நாள்களில் போங்கள். சிற்ப வேலைப்பாடு முக்கியம் என்றால் வேறொரு நாள் காலையில் போவதே நல்லது.