துப்பாக்கிச் சண்டைக்குள் ஒரு கிறிஸ்துமஸ்

‘டை ஹார்ட்’ என்ற ஹாலிவுட் அதிரடிப் படம் கிறிஸ்துமஸ் படம்தான் என்கிறேன். வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கம்தான். ஆனால் மரம் இருக்கிறது, சிவப்புக் குல்லாய் இருக்கிறது என்று வாதாடியிருந்தால் தோற்றது நியாயமே. அவற்றை எந்தப் படத்திலும் தொங்கவிடலாம். நான் பார்ப்பது வேறு: பண்டிகையை உருவி எடுத்துவிட்டால் கதை நிற்குமா?

இது நிற்காது. நியூயார்க் போலீஸ்காரர் ஜான் மெக்ளேன் லாஸ் ஏஞ்சலஸுக்கு விமானம் ஏறுவதே, பிரிந்து வாழும் மனைவி ஹாலியோடும் பிள்ளைகளோடும் கிறிஸ்துமஸைக் கழிக்கத்தான். அன்றிரவு ஹாலி வேலை செய்யும் நகடோமி கட்டடத்தில் ஒரு மாடியில் மட்டும் கிறிஸ்துமஸ் விருந்து. மற்ற மாடிகளில் ஈ காக்கை இல்லை. கொள்ளையருக்கு அதைவிட வசதியான இரவு கிடைக்குமா? பெட்டகத்தின் கடைசிப் பூட்டு திறக்க வழியில்லையே என்று கூட்டாளி கவலைப்படும்போது, இது அற்புதங்களின் காலம் அல்லவா என்கிறான் ஆலன் ரிக்மன் நடித்த வில்லன். கடைசி மோதலில் மெக்ளேன் முதுகில் துப்பாக்கியை ஒட்டிவைத்திருப்பதும் பரிசுப் பொட்டலத்துக்கான ஒட்டுநாடாவால்தான்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது கைக்கடிகாரம். ஹாலியின் உழைப்பைப் பாராட்டி நிறுவனம் கொடுத்தது. அதை உன் கணவருக்குக் காட்டு என்று தொடக்கத்திலேயே ஒரு சக ஊழியர் பீற்றிக்கொள்கிறார். இந்த ஊருக்கு வந்தபின் அலுவலகத்தில் கணவரின் குடும்பப் பெயரையும் ஹாலி விட்டிருக்கிறார். முடிவில் வில்லன் உடைந்த ஜன்னலுக்கு வெளியே அவருடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு தொங்குகிறான். மெக்ளேன் கடிகாரத்தின் கொக்கியைக் கழற்றிவிடுகிறார்; அவ்வளவுதான், ஆள் கீழே போய்விட்டான். தரைக்கு வந்ததும் ஹாலி தன்னை ‘ஹாலி மெக்ளேன்’ என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். வேலையில் உயர்ந்த பெண்ணைப் படம் அடக்கி வீட்டுக்கு அனுப்புகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நானும் அவ்வப்போது முணுமுணுப்பேன். ஆனாலும் பிரிந்த குடும்பம் பண்டிகை இரவில் ஒன்றுசேர்வதுதானே கிறிஸ்துமஸ் கதைகளின் பழைய அச்சு? பனி விழாத அந்த ஊரில், சிதறிய அலுவலகக் காகிதங்கள் பனிபோல் இறங்குவதையும் கவனியுங்கள்.

1988 ஜூலையில் வெளிவந்த படம் எப்படி டிசம்பர் படமாகும்?

சாந்தா கிளாஸையே கதாபாத்திரமாக வைத்த ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ கோடைக் கூட்டத்தை நம்பி 1947இன் நடுவில் வெளிவந்தது. அதைக் கிறிஸ்துமஸ் படம் அல்ல என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் உண்டா? ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946 டிசம்பரிலேயே வந்தும் போட்ட பணத்தைத் தேற்றவில்லை. 1974இல் யாரோ காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறினார்கள். கட்டணமில்லாமல் காட்டலாம் என்றானதும், தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் போட்டுப் போட்டே அதைப் பண்டிகையோடு ஒட்டிவிட்டன. வெளியான தேதி விநியோகஸ்தரின் கணக்கு. அதற்கும் நமக்கும் என்ன?

‘டை ஹார்ட்’ கிறிஸ்துமஸ் படம் இல்லை என்று அதன் கதாநாயகனே சொல்லிவிட்டாரே!

2018இல் தன்னைக் கிண்டல் செய்யவென்றே நடந்த மேடையில் புரூஸ் வில்லிஸ் அப்படிச் சொன்னார். திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவரான ஸ்டீவன் டி சூசா, கிறிஸ்துமஸ் படம்தான் என்கிறார். நடித்தவருக்கும் எழுதியவருக்கும் வழக்கு என்றால் நான் எழுதியவர் பக்கம்.

கிறிஸ்து பிறப்பு பற்றி ஒரு சொல்கூட இல்லாத படத்துக்கு இந்தப் பெயர் பொருந்துமா?

வழிபாட்டோடு சேர்த்துப் பார்க்கிறீர்கள் என்றால் பொருந்தாது. உங்களோடு வாதாடவும் மாட்டேன். ஆனால் 1843இல் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ கதையிலும் சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும் பேய்தான் முன்னால் நிற்கிறது.

அப்படியானால் ‘லெத்தல் வெப்பன்’, ‘அயர்ன் மேன் 3’, ‘டை ஹார்ட் 2’?

கடைசியிலிருந்து வருகிறேன். ‘டை ஹார்ட் 2’ கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில்தான் நடக்கிறது. ஆனால் அந்தக் கதைக்குத் தேவை விமான நிலையமும் பனிப்புயலும் மட்டுமே, பிப்ரவரியிலும் நடத்தியிருக்கலாம். தள்ளுபடி. ‘அயர்ன் மேன் 3’ அலங்காரம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ‘லெத்தல் வெப்பன்’ தேறும். மனைவியை இழந்த போலீஸ்காரர் தற்கொலைக்கென்று ஒரு தோட்டாவைத் தனியே வைத்திருக்கிறார். கடைசியில் கூட்டாளியின் வீட்டு வாசலுக்கு வந்து, இனி இது தேவைப்படாது என்று அதையே கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கிறார். ‘டை ஹார்ட்’டை ஏற்காதவர்கள்கூட இந்த இடத்தில் கொஞ்சம் இளகுவதைப் பார்த்திருக்கிறேன்.

பத்து வயது மகனோடு ‘டை ஹார்ட்’ பார்க்கலாமா?

கூடாது. அமெரிக்காவிலேயே ‘ஆர்’ சான்றிதழ். பதினேழு வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையில்லாமல் திரையரங்குக்குள் போக முடியாது. வெறுங்காலில் ஏறிய கண்ணாடிச் சில்லை மெக்ளேன் பிடுங்கும் காட்சியில் நானே இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பையன் தூங்கியபின் போடுங்கள், சத்தத்தைக் குறைத்துவைத்து.