உதவியாளரிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம்?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் 20 படுக்கைகள் கொண்ட பொது வார்டில் இரவுப் பணிக்குப் பொறுப்பேற்கும் செவிலியர் நான். என்னுடன் பதிவு பெற்ற செவிலியர் ஒருவரும் நர்சிங் அசிஸ்டென்ட் மூவரும் இருக்கிறார்கள். எந்தெந்த வேலைகளை அவர்களிடம் விடலாம்?

பதில்: வேலைகளின் பட்டியல் ஒன்றைத் தந்தால் போதும் என்று தோன்றலாம், ஆனால் ஒரு படுக்கையில் உதவியாளர் செய்யத்தக்க வேலை, அடுத்த படுக்கையில் செவிலியர் மட்டுமே செய்ய வேண்டியதாகிவிடும். சோறு ஊட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பவருக்கு உதவியாளர் தாராளமாக ஊட்டலாம். பக்கவாதத்தால் நேற்றுச் சேர்ந்தவருக்கோ, விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

ஆகவே, இந்த வேலையின் நடுவே நோயாளியின் நிலை மாறக்கூடுமா, மாறினால் அதைப் புரிந்து முடிவெடுக்கச் செவிலியர் படிப்பு தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி ரத்த ஆக்சிஜன் அளவு 90 சதவீதம் என்று எழுதிவைக்கப் பயிற்சி பெற்ற எவராலும் முடியும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்று மருத்துவர் குறித்திருக்கலாம். நேற்று வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவரிடம் அதே 90 அபாய அறிகுறி. எண்ணை எடுப்பதை ஒப்படைக்கலாம், எண்ணுக்குப் பொருள் காண்பதை ஒப்படைக்க முடியாது.

இந்த அளவுகோலின்படி, நிலை சீராக உள்ளவர்களைக் குளிப்பாட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, யூரின் பேக்கைக் காலிசெய்து அளவைக் குறிப்பது, வழக்கமான பி.பி., காய்ச்சல் பார்ப்பது ஆகியவற்றை விடலாம். முதல் மதிப்பீடு, ஊசி மருந்துகள், ரத்தம் ஏற்றுதல், ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாய்) போடுதல், அறுவை சிகிச்சைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுதல், வீட்டுக்குப் போகிறவருக்கு மருந்து விளக்குதல் ஆகியவை உங்களுக்கும் உடனிருக்கும் செவிலியருக்கும் உரியவை. அறுவை அரங்கிலிருந்து வந்தவரை முதல் முறை நீங்களே பாருங்கள். அவர் முதன்முதலாக எழுந்து நிற்கும்போதும் நீங்கள் அருகில் இருக்க வேண்டும், ஏனெனில் மயங்கிச் சரிவது பெரும்பாலும் அப்போதுதான்.

அமெரிக்கச் செவிலியர் அமைப்புகள் இரண்டு சேர்ந்து 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சரியான வேலை, சூழ்நிலை, ஆள், அறிவுறுத்தல், மேற்பார்வை என்ற ஐந்தையும் பார்க்கச் சொல்கிறது. நம் வார்டுகளில் பெரிதும் கோட்டை விடப்படுவது நான்காவது என்பது என் எண்ணம். “7ஆம் படுக்கைக்கு பி.பி. பாரும்மா” என்பது அறிவுறுத்தலே ஆகாது. “2 மணிக்கும் 4 மணிக்கும் பாருங்கள், மேல் எண் 100க்குக் கீழே வந்தாலோ, நாடி 110ஐத் தாண்டினாலோ எழுதிவைத்துவிட்டுப் போய்விடாமல் உடனே என்னைக் கூப்பிடுங்கள்” என்று, அந்த நோயாளிக்கு மருத்துவர் குறித்த எல்லையைக் கேஸ் ஷீட்டில் பார்த்துச் சொல்லி, உதவியாளர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேளுங்கள். மூவரும் ஒரே பயிற்சி பெற்றவர்கள் என்பதால் ஒரே திறமை இருக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஒருவர் செய்வதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்த பிறகே அந்த வேலையை அவரிடம் தனியாக விடுங்கள்.

வேலை கைமாறினாலும் பொறுப்பு முழுவதும் கைமாறுவதில்லை. தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்றிருப்பவர் நீங்கள். யாரிடம், எந்த நிலையில் ஒப்படைத்தீர்கள், பிறகு சரிபார்த்தீர்களா என்ற கேள்விகள் உங்களை நோக்கியே வரும். ஆள் பற்றாக்குறையைக் காட்டி, ஐ.வி. (ரத்தக்குழாய் வழி) ஆன்டிபயாடிக்கை உதவியாளரே போடட்டும் என்று நிர்வாகம் சொன்னால், வாய்மொழியாக மறுப்பதோடு நில்லாமல், அன்றிரவே நோயாளிகளின் எண்ணிக்கையையும் பணியிலிருந்தவர்களின் எண்ணிக்கையையும் குறிப்பிட்டு நர்சிங் சூப்பிரண்டென்டுக்கு எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.