அம்மாவின் குடைக்குப் புதுத்துணி – கடிதம்

வணக்கம்.

அம்மா வைத்திருந்த நீளக்குடை ஒன்று வீட்டில் இருக்கிறது. எட்டுக் கம்பியும் நன்றாக இருக்கின்றன, துணிதான் மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது. பாப்ளின் வாங்கி நானே தைத்துப் போட்டேன். பழைய துணியைக் கழற்றி, குடையை விரித்து, கம்பி நுனிக்கு நுனி அளந்து, கொஞ்சம் தளர்வும் விட்டே வெட்டினேன். ஆனால் விரித்தால் தொளதொளவென்று தொங்குகிறது, காற்றில் படபடக்கிறது. எங்கே பிசகியது? அடுத்து அம்மாவின் கண்டாங்கிப் புடவையில் தைக்க ஆசை. மழைக்குத் தாங்குமா, வெயிலுக்கு மட்டும்தானா?

க., தென்காசி

அன்புள்ள க.,

உங்கள் தையலில் குறை இல்லை, அளவெடுத்த விதத்தில்தான் இருக்கிறது. துணியில்லாத குடையை விரித்தால் கம்பிகள் வளையாமல் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். நுனிகளின் இடைவெளி அப்போது அதிகம். அவற்றை வளைத்துக் குடைக்குக் கவிந்த வடிவம் தருவதே துணியின் இழுவைதான். கம்பியைத் திருப்பிப் பாருங்கள், உட்பக்கம் நீளப் பள்ளம் இருக்கும். எஃகுக் கம்பியை இப்படிப் பள்ளமாகச் செய்யும் முறையை 1852இல் இங்கிலாந்தின் சாமுவேல் ஃபாக்ஸ் கொண்டுவந்தார். அதனால் கம்பி எடை குறைந்தது, வளைந்து மீளவும் செய்கிறது. அப்படிப்பட்ட கம்பிக்கு இறுக்கிப் பிடிக்கும் துணி வேண்டும். பிளவுஸுக்கு விடுகிற தளர்வு இங்கே ஆகாது. ஒரு துண்டு 1 சென்டிமீட்டர் கூடினால், எட்டுத் துண்டுக்குமாகச் சுற்றளவில் 8 சென்டிமீட்டர் மிச்சம். அது தொங்கத்தானே செய்யும்?

பழைய துணியை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதில் குறைவாக நைந்த ஒரு துண்டைத் தையல் பிரித்து, லேசாக இஸ்திரி போட்டு, அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். பக்கக் கோடுகளில் மெல்லிய வளைவு இருக்கும். ஸ்கேல் வைத்து அதை நேராக்கிவிடாதீர்கள், கவிவு அதில்தான் இருக்கிறது. தைத்த பாப்ளினையும் வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு இணைப்பிலும் விளிம்புப் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்வாங்கி, உச்சியை நோக்கிப் போகப்போகக் குறைத்துத் தைத்தால் தொய்வு பெருமளவு போய்விடும்.

புடவை யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் குடைக்கு வேண்டியது புடவையிலேயே இருக்கிறது. குடைத்துண்டின் அடிவிளிம்பு இழுபடாமல் இருக்க வேண்டும். பக்கங்கள் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, விழுந்து கொஞ்சம் இழுபட வேண்டும். துண்டின் அடி புடவையின் கரைமேல் வருமாறு அட்டையை வைத்தால் இரண்டும் தானாக அமைந்துவிடும். கரை பிரியாது என்பதால் ஓரம் மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சம். இந்தக் கரையிலிருந்து நாலு, எதிர்க்கரையிலிருந்து நாலு என்று முக்கோணங்களை ஒன்றுக்கொன்று இடையில் மாற்றி வைத்தால், வழக்கமான 23 அங்குலக் கம்பிக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான புடவை போதும். விரித்தால் கண்டாங்கிக் கரை குடையைச் சுற்றி வரும்! கனமான ஜரிகைக் கரை என்றால் மட்டும் வேண்டாம், மடங்காமல் விறைத்து நிற்கும். பழைய புடவை என்பதால் முதலில் ஒரு மூலையைப் பிடித்து அழுத்தி இழுத்துப் பாருங்கள். இழை விட்டால் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

வெட்டும் முன் வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சுருங்கித் தையலை இழுக்கும். சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மழைக்கு ஒரு பழைய வழி உண்டு. சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, துணியை ஊறவைத்துப் பிழிந்து, அரைகுறையாகக் காயவிட்டு, அப்புறம் படிகார நீரில் முக்க வேண்டும். சோப்பும் படிகாரமும் சேர்ந்து நீரில் கரையாத பொருளாகி இழைகளுக்குள் படியும். சின்னத் துணியில் செய்து பார்த்துவிட்டு முழுத்துணிக்குப் போங்கள். உங்கள் ஊர்ச் சாரலுக்கு இது தாங்கும். ஐப்பசி அடைமழைக்குத் தாங்காது, துணி நனைந்து உள்ளே பூந்தூறலாக இறங்கும். வெயிலுக்கு நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணிதான் நல்லது. கண்டாங்கியின் அரக்கும் கறுப்பும் அதற்குப் பொருத்தம்.

தைக்கப் பாலியெஸ்டர் நூல் எடுங்கள், ஈரத்தில் பருத்தி நூல் இற்றுவிடும். குடைத் தொழிலில் சங்கிலித் தையல் போடுவது, துணி இழுபடும்போது நூலும் கூடவே நீளட்டும் என்றுதான். வீட்டு மெஷினில் மிகக் குறுகிய ஜிக்ஜாக் போதும். அதுவும் இல்லையென்றால் துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்தபடி நேர்த்தையல் போடுங்கள். உச்சியில் தண்டு நுழைய இடம் விட்டு நிறுத்திவிட வேண்டும்.

கம்பியோடு பிணைப்பது முழுக்கக் கைவேலை. நுனிகளில் கட்டியபின், கம்பியின் நடுவிலும் இரட்டை நூலால் ஒரு கட்டுப் போடுங்கள். தண்டிலிருந்து கம்பிக்கு முட்டுக் கொடுக்கும் தாங்குகம்பி வந்து சேரும் மூட்டுகளில்தான் துணி முதலில் தேயும், துருக்கறையும் அங்கேதான் ஏறும். அதனால் துணியைக் கட்டும் முன்பே, வெட்டி மிஞ்சிய புடவைத் துணுக்கை அந்த எட்டு மூட்டுகளுக்கும் சுற்றித் தைத்துவிட்டு அதன்மேல் துணியைப் போர்த்துங்கள். நனைந்து வந்தால் சுருட்டி மூலையில் வைக்காமல் நிழலில் விரித்தே உலர்த்துங்கள். பருத்திக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.