எண்ணெயில் கரையும் வைட்டமின் சி: கேள்வி பதில்

கேள்வி: வைட்டமின் சி பவுடரை ஸ்குவாலேன் என்ற எண்ணெயில் கலந்து தோலில் பூசும் சீரம் செய்தேன். கரையாமல் அடியில் படிந்துவிடுகிறது. எண்ணெயில் கரையும் வகையான டெட்ராஹெக்சைல்டெசைல் அஸ்கார்பேட் சரிவருமா? எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: சரிவரும். பவுடரில் இருப்பது அஸ்கார்பிக் அமிலம். அது நீரில்தான் கரையும், சூடாக்கினாலும் எண்ணெயில் கரையாது. நீங்கள் கேட்பது அதே அமிலத்தோடு நான்கு கொழுப்பு அமிலங்கள் இணைந்தது. அதுவே எண்ணெய்தான், கலக்கினால் போதும்.

50 கிராம் சீரத்துக்கு 5 சதவீதக் கணக்கில் இது 2.5 கிராம், வைட்டமின் ஈ (டோகோஃபெரால்) 0.25 கிராம், ஸ்குவாலேன் 47.25 கிராம். சொட்டுக் கணக்கு வேண்டாம், 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். வைட்டமின் ஈயை விட்டுவிடாதீர்கள். நிலையானது என்று விற்றாலும் ஆக்ஸிஜனும் வெளிச்சமும் பட்டால் இதுவும் சிதையும். அஸ்கார்பிக் அமிலம்போல் பழுப்பாகி எச்சரிக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆகவே வெளிச்சம் புகாத, காற்று நுழையாத பம்ப் பாட்டிலே நல்லது. ரோஸ்ஹிப் போல எளிதில் காறிப்போகும் எண்ணெயில் கலக்காதீர்கள்.

நீரே இல்லாததால் பிரிசர்வேட்டிவ் (கிருமி வளராமல் காக்கும் பொருள்) தேவையில்லை. ஆனால் பாட்டில் ஈரமாக இருக்கக் கூடாது, ஈரக் கையாலும் தொடக் கூடாது.

இன்னொன்று: சதவீதத்தை மட்டும் பார்த்து அஸ்கார்பிக் அமில சீரத்தோடு ஒப்பிடாதீர்கள். இதன் மூலக்கூறு எடை சுமார் 1130, அஸ்கார்பிக் அமிலத்துடையது 176. எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வைட்டமின் சி இருக்கிறது. தோலிலுள்ள நொதிகள் பிணைப்பை உடைத்தால்தான் அதுவும் வெளிவரும். எரிச்சல் குறைவு என்பதே இதன் பெரிய ஆதாயம். சென்சிட்டிவ் தோலுக்கு இதையே பரிந்துரைப்போம்.

கேள்வி: இதைக் கடைசியில் கிரீமில் சேர்த்தேன். மறுநாள் எண்ணெய் பிரிந்துவிட்டது. ஏன்?

பதில்: எண்ணெய்ப் பங்கைக் குறைக்காமல் கூடுதலாக ஊற்றியிருப்பீர்கள். நீரையும் எண்ணெயையும் சேர்த்து வைக்கும் எமல்சிஃபையர் தாங்கும் அளவுக்குமேல் எண்ணெய் போனால் கிரீம் பிரியும். 5 கிராம் சேர்ப்பதானால் மற்ற எண்ணெய்களில் 5 கிராமைக் குறைத்துவிடுங்கள். கிரீம் 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறியதும் சேர்த்து, கெட்டியாகும் முன் நன்றாகக் கலக்குங்கள். பிஎச் (அமில-கார அளவு) 5 அளவில் இருக்கட்டும், காரத்தன்மை கூடினால் கொழுப்பு அமிலங்களை இணைக்கும் எஸ்டர் பிணைப்பு உடையும். நீரில் உலோக அயனிகள் இருந்தால் ஆக்ஸிஜனேற்றம் வேகமாகும். காய்ச்சி வடித்த நீரோடு அந்த அயனிகளைப் பிடித்துவைக்கும் ஈடிடிஏவை 0.1 சதவீதம் சேருங்கள். கிரீமுக்குப் பிரிசர்வேட்டிவ் கட்டாயம்.